மணலும் ஏடும் தாளும்: எழுதத் தடுமாறிய மாணாக்கர்க்கு உதவிய முறைகள் – ஒரு வரலாற்று நோக்கு

முன்னுரை

பள்ளி மாணாக்கருள் ஒரு பகுதியினர் எழுதுவதில் தடுமாறுகின்றனர். வாய்மொழியாக விடை கூறவல்ல பிள்ளை, தாளும் எழுதுகோலும் தரப்பட்டதும் நின்றுவிடுகிறது. எழுத்தின் வடிவம் கைக்கு வாராமை, எழுத்துகளை முறை மாற்றி எழுதுதல், பிறர் முடித்த பின்னும் பாதியிலேயே நிற்றல், தன் கருத்தைத் தொடராக அமைக்க இயலாமை எனப் பலவகை இடர்ப்பாடுகள் இதில் அடங்கும். இவைபற்றிய இன்றைய கல்வியியல் நூல்கள் பெரும்பாலும் மேலைநாட்டு ஆய்வுகளிலிருந்தே தொடங்குகின்றன. நம் நாட்டுப் பள்ளிகளில் இத்தகைய பிள்ளைகளுக்கு என்ன செய்யப்பட்டது என்னும் வினா கல்வி வரலாற்று நூல்களில் தனியே எழுப்பப்படுவது அரிது. பள்ளிகளின் எண்ணிக்கை, பாடநூல்கள், ஆங்கிலக் கல்வி புகுந்த வரலாறு ஆகியவற்றிற்கே அவை மிகுதியான பக்கங்களை ஒதுக்கியுள்ளன.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதிவரை, பின்தங்கிய பிள்ளைக்கான உதவி தனியொரு திட்டமாக இல்லாமல், எழுதும் பரப்பிலும் கற்கும் கால அளவிலுமே அமைந்திருந்தது என்பது இக்கட்டுரையின் கருத்தாகும். அழித்தெழுதத்தக்க பரப்பும் ஆண்டெல்லை வகுக்கப்படாத காலமும் பிள்ளைக்குத் துணைநின்றன. வகுப்பும் ஆண்டுத் தேர்வும் வந்தபோது இவை பின்தள்ளப்பட்டன. ஆயினும் பழைய முறையை முழுவதும் போற்றுவதற்கு இடமில்லை. அதற்கான காரணங்களும் அக்காலப் பதிவுகளிலேயே உள்ளன.

நால்வரும் ஒருசேர மறப்பதில்லை

1623-ஆம் ஆண்டில் கன்னட நாட்டின் இக்கேரி நாயக்கர் அரசுக்குச் சென்ற இத்தாலியப் பயணி பியேத்ரோ தெல்லா வல்லே, வழியில் ஒரு கோயில் முகப்பில் நான்கு சிறுவர் கணக்குப் பயின்றதைக் கண்டு எழுதிவைத்துள்ளார். அவர்கள் பாடத்தை இசையோடு ஓதினர். ஓதியதைத் தரையில் பரப்பிய நுண்மணலில் விரலால் எழுதினர். தரை நிரம்பியதும் புதிதாக மணலைத் தூவி மேலும் எழுதினர். ஆசிரியர் எவரும் அங்கு இல்லை. ஓரிடம் மறந்துபோனாலோ பிழைபட்டாலோ யார் திருத்துவார் என்று பயணி வினவியபோது, தாங்கள் ஒருவருக்கொருவர் கற்பித்துக்கொள்வதாகவும், நால்வரும் ஒரே இடத்தில் மறப்பதோ பிழைசெய்வதோ நிகழாது என்றும் அச்சிறுவர் விடையிறுத்தனர்.

இப்பதிவு கணக்குப் பாடம் பற்றியதாயினும், எழுத்துப் பயிற்சிக்கும் பொருந்தும் இரு கூறுகள் இதில் உள. மணலில் எழுதியது நிற்பதில்லை. ஆகவே பிழையும் நிற்பதில்லை. பிழையைத் திருத்துபவர் பிரம்பேந்திய பெரியவராக இல்லாமல் உடன் அமர்ந்திருக்கும் பிள்ளையாக இருக்கிறார். எழுதத் தடுமாறும் பிள்ளையை அச்சமே பெரிதும் முடக்குகிறது என்பதைத் தொடக்க வகுப்பில் பயிற்றுவித்த எவரும் அறிவர். மணலுக்கு அவ்வச்சத்தைக் குறைக்கும் இயல்பு உண்டு.

எழும்பூர் மணற்பலகை

இம்முறையை உலகறியச் செய்தவர் ஸ்காத்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸ் நகரில் 1753-இல் பிறந்த ஆண்ட்ரூ பெல் ஆவார். 1787-இல் சென்னைக்கு வந்த அவர், எழும்பூரில் 1789-இல் தொடங்கப்பெற்ற ஆண் அநாதைச் சிறுவர் இல்லத்தின் கண்காணிப்பாளரானார். ஐரோப்பியப் படைவீரர்களுக்கு இந்நாட்டுப் பெண்டிரிடம் பிறந்து ஆதரவற்றுப்போன சிறுவர் பலர் அங்குப் பயின்றனர். எழுத்துகளைக் கூட அறியாத கீழ்வகுப்புச் சிறுவரோடு துணையாசிரியர்கள் முன்னேற வழியின்றித் தவித்தனர். அந்நாளில் பெல், ‘மலபார்ப் பள்ளி’ ஒன்றில் பிள்ளைகள் மணலில் விரலால் எழுதிப் பழகுவதைக் கண்டார் என அவரது வரலாறு கூறுகிறது. அக்கால ஆங்கிலேயர் தமிழையும் தமிழரையும் ‘மலபார்’ என்றே வழங்கினராதலின், அது தமிழ்த் திண்ணைப்பள்ளி எனக் கொள்வதில் தடையில்லை.

தம் இல்லத்தின் தொடக்க வகுப்பிலும் மணலைப் பயன்படுத்துமாறு பெல் பணித்தார். துணையாசிரியர் அது நடவாதது என்று மறுத்தார். பெல் அவரோடு வழக்காடாமல், ஜான் ஃபிரிஸ்கென் என்னும் ஏறத்தாழ எட்டு வயதுச் சிறுவனிடம் அவ்வகுப்பை ஒப்படைத்தார். சிறுவன் அதனை நடத்திக்காட்டினான். பின்னர் பிற வகுப்புகளுக்கும் மாணாக்கரே ஆசிரியராயினர். பெரியோரால் ஆகாததைச் சிறுவன் செய்தமைக்கு அவனது அறிவுக்கூர்மை மட்டுமே காரணமன்று. எழுத்துகளை அண்மையில் கற்றவனுக்கு, அவற்றில் எவ்விடம் கடினம் என்பது நினைவில் இருக்கும். முப்பது ஆண்டுகளுக்கு முன் கற்றவருக்கு அது மறந்துபோயிருக்கும்.

1796-இல் தாயகம் திரும்பிய பெல், தம் அனுபவத்தை மறு ஆண்டில் இலண்டனில் நூலாக வெளியிட்டார். ‘சென்னை முறை’ என்னும் பெயருடன் அது இங்கிலாந்தில் பரவியது. ஜோசப் லங்காஸ்டர் இதனையொத்த முறையைத் தம் பள்ளிகளில் கையாண்டார். அங்கும் மணற்பெட்டிகள் இருந்தன. 1811-இல் தோன்றிய ஆங்கிலத் திருச்சபையின் தேசியச் சங்கம் பெல்லின் முறையைத் தன் பள்ளிகளுக்கு ஏற்றுக்கொண்டது. ஆயின் ஒரு முரண் இங்குச் சுட்டத்தக்கது. மணலில் எழுதும் எளிய முறையைக் கடல்கடந்து கொண்டுசென்ற பெல்லே, தம் நூலின் பிற்காலப் பதிப்பில், ஏழைப்பிள்ளைகள் அனைவருக்கும் எழுத்தும் கணக்கும் கற்பிக்கவேண்டுவதில்லை என்று எழுதினார். பின்தங்கியவருக்கு உதவும் கருவியைக் கண்டறிந்தவர், எவர் வரை அவ்வுதவி செல்லலாம் என்பதற்கு எல்லையும் வகுத்துக்கொண்டார்.

பெல்லாரியும் நாட்டோரும்: இரு பதிவுகள்

சென்னை மாகாண ஆளுநர் தாமஸ் மன்றோ 1822-இல் ஆணையிட்ட கல்விக் கணக்கெடுப்பின்படி மாகாணத்தில் 12,498 பள்ளிகளும் 1,88,650 மாணாக்கரும் இருந்தனர். மாவட்ட ஆட்சியர் பலர் அட்டவணையோடு நின்றுவிட, பெல்லாரி ஆட்சியர் ஏ.டி. கேம்பெல் 1823 ஆகஸ்டில் பள்ளிகளின் உள்நடைமுறையையும் விளக்கி எழுதினார். பெல்லாரியில் தெலுங்கும் கன்னடமும் பயிற்றப்பட்டன. எனினும் அவர் விவரிப்பவை பல தமிழ்த் திண்ணைப்பள்ளிக்கும் பொதுவானவை.

பிள்ளைகள் முதலில் மணலில் விரலால் எழுதினர். பின்னர் ‘கடதம்’ எனப்படும், கரிபூசி விறைப்பாக்கிய துணிமடிப்பில் மாக்கல்லால் எழுதினர். இதுவும் அழித்தெழுதத்தக்கதே, கற்பலகை செய்த வேலையை அது செய்தது. முன்னேறிய மாணாக்கர் பின்தங்கியவருக்குக் கற்பிக்கும் முறையைக் கேம்பெல் வியந்து பாராட்டி, இங்கிலாந்து அதனைப் பின்பற்றியது தகும் என்றும் எழுதினார். தமிழ்ப் பள்ளிகளில் இப்பணியைச் செய்தவனே சட்டாம்பிள்ளை. இன்று அச்சொல் அதிகாரம் செய்பவனைக் குறிக்கும் ஏளனச் சொல்லாகத் தேய்ந்துவிட்டது.

எழுத்துப் பயிற்சியின் படிநிலைகளை இதனினும் நுணுக்கமாகப் பதிந்தவர் வங்காளத்தில் பணியாற்றிய வில்லியம் ஆடம். பெண்டிங்க் பிரபுவின் ஆட்சியில் நியமிக்கப்பட்ட அவர் 1835 முதல் 1838 வரை மூன்று அறிக்கைகள் அளித்தார். இரண்டாம் அறிக்கை இராஜசாகி மாவட்டத்தின் நாட்டோர் வட்டாரத்தைப் பற்றியது. அது இன்று வங்காளதேசத்தில் உள்ளது. அங்கு எழுத்துக்கல்வி நான்கு நிலைகளில் நடந்தது. முதல் நிலை பெரும்பாலும் பத்து நாட்களுக்கு மேற்படாதது. தரையில் சிறு குச்சியால் எழுத்துகளின் வடிவை மட்டும் பழகினர். இரண்டாம் நிலைக்குப் பனையோலை. மூன்றாம் நிலைக்கு வாழையிலை. இறுதியிலேயே தாள்.

இவற்றுள் இரண்டாம் நிலையே நம் பொருளுக்கு இன்றியமையாதது. ஆசிரியர் இரும்பு எழுத்தாணியால் ஓலையில் உரிய அளவும் ஒப்பும் அமைய எழுத்துகளைப் பொறித்துத் தருவார். மாணாக்கன் நாணல் எழுதுகோலைக் கரிமையில் தோய்த்து அப்பொறிப்பின்மீதே எழுதுவான். கரிமை எளிதில் துடைபடும்; பொறித்த கோடு அழியாது. ஆகவே அதே ஓலையில் மீண்டும் மீண்டும் எழுதலாம். வழிகாட்டும் வடிவம் தேவைப்படாத அளவுக்குக் கை பழகிய பின்னரே பொறிப்பற்ற வேறோர் ஓலை தரப்பட்டது. இந்நிலை முடிய இரண்டரை ஆண்டும் ஆகலாம், நான்கு ஆண்டும் ஆகலாம். அது மாணாக்கனின் திறத்தைப் பொறுத்தது என்கிறார் ஆடம்.

ஆசிரியரின் பிழையற்ற வடிவம் அழியாமல் கீழே நிற்கிறது. மாணாக்கனின் பிழை மேலே துடைக்கப்பட்டுவிடுகிறது. இன்றைய குறிப்பேட்டில் நிகழ்வது இதற்கு நேர்மாறானது. அங்கு மாணாக்கனின் பிழையே நிலைத்து நிற்க, அதன்மீது சிவப்பு மையும் ஏறுகிறது. தமிழகப் பள்ளிகளில் ஆசிரியர் எழுதித் தந்த மாதிரிக்கு ‘மேல்வரிச் சட்டம்’ என்று பெயர். அதனைப் பார்த்துப் பார்த்து எழுதுவதே கையெழுத்துப் பயிற்சியாக இருந்தது. வங்கத்தில் எழுத்தின்மேல் எழுத்து. இங்கே மேல்வரியைப் பார்த்து அடுத்த வரி. முறை வேறாயினும் நோக்கம் ஒன்று.

நான்கு ஆண்டு எடுத்துக்கொண்ட மாணாக்கனைத் ‘தோல்வியுற்றவன்’ என்று கூறும் சொல் அம்முறையில் இல்லை என்பதும் கருதத்தக்கது. அவன் இன்னும் இரண்டாம் நிலையில் இருக்கிறான், அவ்வளவே. அவன் அருகில் அமர்ந்திருப்பவன் வாழையிலைக்குச் சென்றிருக்கலாம். ஒரே கூரையின்கீழ் நான்கு நிலையினரும் இருந்ததால், பின்தங்குதல் பலர் முன் அறிவிக்கப்படும் நிகழ்ச்சியாக மாறவில்லை.

பழைய முறையின் குறைகள்

இவ்வளவும் கூறியபின், அப்பள்ளிகளைப் பொற்காலமாகப் புனைவதைத் தவிர்க்கவேண்டும். மன்றோவின் கணக்கில் ஆண்பிள்ளைகள் 1,84,110 பேர். பெண்பிள்ளைகள் 4,540 பேர் மட்டுமே. தாழ்த்தப்பட்ட சாதிப் பிள்ளைகளுக்குப் பெரும்பாலான திண்ணைகளில் இடமில்லை. மணல் எவருக்கும் பொதுவானது; அதன்முன் அமரும் உரிமை பொதுவாக இல்லை. 1983-இல் தரம்பால் இவ்வறிக்கைகளைத் தொகுத்து வெளியிட்ட பிறகு எழுந்த விவாதங்களில், ஒரு சாரார் பள்ளிகளின் எண்ணிக்கையையும் மறு சாரார் விலக்கப்பட்டோரையும் மட்டுமே பேசினர். இரண்டும் ஒரே அட்டவணையில்தான் உள்ளன.

தண்டனையும் கடுமையாக இருந்தது. கேம்பெல்லின் அறிக்கை மாணாக்கர் பிரம்படி பட்டதையும், இரு கைகளையும் கட்டிக் கூரையில் தொங்கவிடப்பட்டதையும், ஓயாமல் அமர்ந்து எழப் பணிக்கப்பட்டதையும் குறிப்பிடுகிறது. நம் கோதண்டமும் தோப்புக்கரணமும் இவையே. மணல் குறைத்த அச்சத்தைக் கயிறு மீண்டும் கொண்டுவந்தது எனலாம். நாட்டு முறையின் பெருமையாகத் திண்ணைப்பள்ளியைப் பேசுவோர் இப்பத்தியை மட்டும் விட்டுவிடுவது வழக்கமாகியுள்ளது.

இவற்றினும் ஆழமான குறை ஒன்று உண்டு. பிள்ளைகள் பொருளறியாது செய்யுட்களை மனப்பாடம் செய்தனர் என்றும், நூல்மொழி பேச்சுமொழியினின்று வேறுபட்டிருந்ததால் கற்றவை பயன்தரவில்லை என்றும் கேம்பெல் வருந்தினார். ஆடம் கண்ட பள்ளிகளில் மேல்நிலை மாணாக்கர் கணக்கும், கடிதங்களும் பத்திரங்களும் எழுதும் முறையும் பயின்றனர். அவையெல்லாம் வகுத்த வாய்பாட்டில் பெயரையும் தொகையையும் இட்டு நிரப்புவன. தானே கண்டதை, தான் எண்ணியதைப் பிள்ளை எழுதவேண்டும் என்னும் எதிர்பார்ப்பு அங்கு இல்லை. ஆகவே, கைக்கு உதவிய முறை கருத்துக்கு உதவியதாகச் சான்று காட்ட இயலாது. இன்று எழுதத் தடுமாறும் பிள்ளையிடம் நாம் எதிர்பார்ப்பது இரண்டையும் ஆதலின், பழைய முறை பாதி விடையே தருகிறது.

தேர்வும் உதவித்தொகையும்

இருக்கும் நாட்டுப் பள்ளிகளையே திருத்தி வளர்க்கலாம் என்ற ஆடமின் பரிந்துரை ஏற்கப்படவில்லை. 1854-ஆம் ஆண்டு உட்ஸ் அறிக்கைக்குப் பின் அரசின் உதவித்தொகை பெறும் பள்ளிகள் பெருகின. இங்கிலாந்தில் 1862-இல் நடைமுறைக்கு வந்த திருத்தச் சட்டத்தொகுப்பு, தேர்ந்த மாணாக்கரின் எண்ணிக்கையைக் கொண்டு பள்ளிக்குப் பணம் வழங்கியது. படித்தல், எழுதுதல், கணக்கு ஆகிய ஒவ்வொன்றுக்கும் ஒவ்வோர் ஆண்டுக்கும் அளவு குறிக்கப்பட்டது. இம்முறை ‘பயனுக்கேற்ற ஊதியம்’ என்னும் பெயரில் சென்னை மாகாணத்திலும் புகுந்தது.

இதன் விளைவை விரித்துரைக்கத் தேவையில்லை. ஆய்வாளர் வரும் நாளில் சொல்வதெழுதுதலில் பிழைசெய்யும் பிள்ளை பள்ளிக்கு இழப்பானான். இரண்டரை ஆண்டிலிருந்து நான்காண்டு வரை நெகிழ்ந்து கிடந்த காலம் பன்னிரண்டு மாதமாக இறுகியது. பின்தங்கிய பிள்ளைக்கு உதவுவதைக் காட்டிலும், தேறும் பிள்ளையை மேலும் பழக்குவதே ஆசிரியருக்கு ஆதாயமாயிற்று. 1904-ஆம் ஆண்டு கர்சன் ஆட்சியின் கல்வித் தீர்மானம் இம்முறையைக் கைவிடுவதை உறுதிசெய்தது. ஊதியம் போயிற்று; ஆண்டுத் தேர்வும் ‘தோல்வி’ என்னும் சொல்லும் தங்கிவிட்டன.

விரலுக்குத் திரும்புதல்

இருபதாம் நூற்றாண்டில் இதற்கு மாற்றுத் தேடியவருள் காந்தியடிகள் குறிப்பிடத்தக்கவர். தம் கையெழுத்து நன்கு அமையாததற்கு வாழ்நாள் முழுவதும் நாணிய அவர், பிள்ளைகளுக்கு எழுத்தைக் கற்பிக்குமுன் ஓவியம் கற்பிக்கவேண்டும் என்று தம் வரலாற்றில் எழுதினார். பறவையையும் பூவையும் பார்த்து வரையக் கற்ற கை, எழுத்தையும் வடிவமாகவே கண்டு வரையும் என்பது அவர் கருத்து.

1939-இல் சென்னை அடையாற்றிலுள்ள பிரம்மஞான சபைக்கு வந்த மரியா மாண்டிசோரி, போர்க்காலம் காரணமாக 1946 வரை இந்தியாவில் தங்கி ஆசிரியர்களுக்குப் பயிற்சி அளித்தார். உரோமில் அறிவுவளர்ச்சி குன்றிய பிள்ளைகளிடையே தம் பணியைத் தொடங்கியவர் அவர். அவர்தம் கருவிகளுள் சொரசொரப்பான தாளில் வெட்டிய எழுத்துகள் முதன்மையானவை. பிள்ளை அவற்றின்மீது விரலை ஓட்டி வடிவை உணரவேண்டும். எழும்பூர் மணலுக்கும் இவ்வெழுத்துகளுக்கும் நேர்த்தொடர்பு கற்பிப்பது பொருந்தாது. கண்ணுக்கு முன் விரல் கற்கிறது என்னும் முடிவுக்கு இருவேறு வழிகளில் வந்துசேர்ந்தனர் என்று கூறுவதே சரி.

ஆந்திரத்தின் அன்றைய சித்தூர் மாவட்டத்து ரிஷிவேலிப் பள்ளியைச் சார்ந்த சிற்றூர்ப் பள்ளிகளில் உருவான அட்டைவழிக் கற்றல், 2003-இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகள் சிலவற்றில் செயல்வழிக் கற்றலாகத் தொடங்கி, 2007-08-இல் தமிழகத் தொடக்கப்பள்ளிகள் அனைத்திற்கும் விரிந்தது. அதில் கற்கவேண்டியவை ஏணிப்படிகளாகப் பகுக்கப்பட்டன. ஒவ்வொரு பிள்ளையும் தன் படியிலிருந்து தன் வேகத்தில் ஏறியது. வகுப்பறைச் சுவரின் அடிப்பகுதியில், அமர்ந்த பிள்ளைக்கு எட்டும் உயரத்தில், தனித்தனி எழுதுமிடங்கள் கரும்பலகையாகத் தீட்டப்பட்டன. எழுதி அழிக்கும் பரப்பும் நெகிழ்ந்த காலமும் ஒருசேரத் திரும்பின. எவ்வளவு பெரிய வகுப்பில் ஓராசிரியர் இதனை நடத்தவியலும் என்ற வினா தொடக்கம் முதலே எழுந்தது. திண்ணைப்பள்ளிக்கு அவ்வினா எழவில்லை. கேம்பெல் கண்ட பெல்லாரியில் 533 பள்ளிகளுக்கு மாணாக்கர் 6,641 பேர். பள்ளி ஒன்றுக்குப் பன்னிருவர்.

சட்டத்தின் வழி வந்த உதவி அண்மைக்காலத்தது. 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் குறிப்பிட்ட கற்றல் குறைபாடுகளையும் தன் பட்டியலில் சேர்த்தது; எழுத்துத் திறன் குறைபாடு அவற்றுள் ஒன்று. எழுதும்போது கை இழுத்துக்கொள்ளும் நோயுடைய தேர்வர் ஒருவர்க்கு, குறைபாட்டின் விழுக்காடு கருதாமல், சொல்வதை எழுதுபவர் ஒருவரைத் துணையாகத் தரவேண்டும் என உச்சநீதிமன்றம் 2021 பிப்ரவரியில் தீர்ப்பளித்தது. உரிமை என்னும் நிலையில் இது திண்ணைப்பள்ளி கனவிலும் காணாதது. ஆயின் இவ்வுதவி தேர்வறையின் மூன்று மணி நேரத்திற்கு உரியது. குறைபாடு இருப்பதாகச் சான்று பெற்றவருக்கு உரியது. சான்று பெறாத, ஆனால் மூன்றாம் வகுப்பிலும் தன் பெயரைத் தடுமாறியே எழுதும் பிள்ளை இதற்கு வெளியே நிற்கிறது.

திண்ணைப்பள்ளிகளில் அத்தகைய பிள்ளையோடு சட்டாம்பிள்ளை நாள்தோறும் எவ்வாறு அமர்ந்தான், எத்தனை நாள் மணலில் வைத்தான், எப்போது ஏட்டுக்கு அனுப்பினான் என்பவற்றை ஆட்சியர்களின் அறிக்கைகள் முழுமையாகக் கூறவில்லை. தன்வரலாறுகளிலும், பழைய சிற்றூர்ப் பள்ளிகளில் பயின்ற முதியோரின் வாய்மொழியிலும் அவை சிதறிக் கிடக்கின்றன. தமிழ், கன்னடம், வங்கம் ஆகிய மூன்று மொழிப் பகுதிகளிலும் இவற்றைத் தொகுப்பது பல்கலைக்கழக மொழித்துறைகள் கூடிச் செய்யத்தக்க பணியாகும். வாய்மொழி தரவல்லோரின் எண்ணிக்கை ஆண்டுதோறும் குறைந்துவருகிறது.